பசை காயாத சீட்டு

பாட்டன் காலத்துப் பசை காய்ந்து கொம்பு மாதிரி இறுகியிருக்க வேண்டும். ஈரமான ஒற்றுத்தாளை மேலே விரித்துவிட்டு, வீட்டு வேலையெல்லாம் முடித்துக்கொண்டு வந்து பார்த்தாலும் லேசில் இளகாது. ஆனால் அவள் முதல் புத்தகத்தைத் திறந்து, அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தை நகத்தால் சும்மா நெருடிப் பார்த்ததற்கே அது கையோடு வந்துவிட்டது. அடியில் பசை ஈரமாக இருந்தது. காலையில்தான் யாரோ தடவியது போல.

பழைய புத்தகங்களைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். பூச்சி அரித்தது, முதுகு பிய்ந்தது எல்லாம் அவளிடம்தான் வரும். இந்த முறை வேலை வேறு. எப்போதோ செத்துப்போன ஒரு பெரிய மனிதரின் நூலகத்தைப் புத்தக வியாபாரி மொத்தமாக வாங்கியிருந்தார். புத்தகங்களைவிட, இது இன்னாருடையது என்று காட்ட அந்தப் பெரிய மனிதர் ஒட்டிவைத்த உரிமைச் சீட்டுகளுக்குத்தான் கிராக்கியாம். அவற்றைக் கிழியாமல் உரித்துத் தர வேண்டும். அது அவளுக்குக் கைவந்த கலை. மகளுக்குப் பள்ளி விடுமுறை, கணவர் லாரியோடு வெளியூரில். அதனால் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து, பின்னறை மேசையில் பரப்பியிருந்தாள்.

சீட்டு அழகுதான், இல்லையென்று சொல்ல முடியாது. செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம். கூரைவரை புத்தக அலமாரிகள். நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உயரமான நாற்காலி. உட்கார்ந்திருப்பவர் தெரியவில்லை. கைப்பிடியில் கிடந்த அவருடைய கை மட்டும் தெரிந்தது. நீண்ட விரல்கள், புடைத்த நரம்புகள். கீழே ஒரே ஒரு சொல்: என்னுடையது.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம், முன்னறையில் மகள் தனக்குத்தானே பாடிக்கொள்ளும் சத்தம், அறை முழுக்கப் புளித்த மாவு மாதிரி ஒரு பசை வாசனை, இவற்றுக்கு நடுவே அவள் ஒவ்வொன்றாக உரித்து ஒற்றுத்தாள்களுக்கு இடையே கவிழ்த்து அடுக்கிக்கொண்டே போனாள். வெளிச்சம் மங்கியபோது, முதலில் வைத்தவை காய்ந்துவிட்டனவா என்று புரட்டிப் பார்த்தாள்.

எதிலும் கை இல்லை. நாற்காலி காலி.

ஈரத்தில் மை கரைந்திருக்கும் என்று நினைத்தாள். ஒரு கை மட்டும் பார்த்துப் பார்த்துக் கரையுமா? இன்னும் உரிக்காத புத்தகம் ஒன்றைத் திறந்தாள். அதில் கை இருந்தது. கண்ணை எடுக்காமல் உரித்தாள். கடைசி மூலை விடுபட்டதும் கைப்பிடி வெறுமையாக இருந்தது. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வியாபாரிக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, இந்தச் சீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆளு?"

"ஏன் தங்கச்சி, கனவுல வந்தாரா?" அவர் சிரித்தார். "பொல்லாத மனுஷன்னு சொல்லுவாங்க. யாருக்கும் இரவல் தர மாட்டாராம். எவனாவது தெரியாம எடுத்துக்கிட்டுப் போயிட்டா, அவன் வீட்டுக்கே போய் நாற்காலியில உக்காந்துக்குவாராம். சண்டையெல்லாம் கிடையாது. கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாராம், அவ்வளவுதான். பொருள் கைக்கு வராம எழுந்திருக்க மாட்டாராம்."

"சீட்டு ஒட்டாத பொருளா இருந்தா?"

"அதைத் தொடவே மாட்டாராம். ஒட்டிட்டா விடவும் மாட்டாராம். என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

முன்னறையில் நாற்காலி முனகியது. கனமான ஒருவர் நிதானமாக உட்காரும்போது எழும் முனகல். மகள் உட்கார்ந்தால் அந்த நாற்காலிக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாட்டும் நின்றிருந்தது.

"வாலு!" என்று மகளைக் கூப்பிட்டாள்.

"இங்கதான்மா இருக்கேன்."

பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. குழந்தை படுக்கையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். முன்னறையை எட்டிப் பார்த்தாள் அம்மா. யாரும் இல்லை. கதவு தாழிட்டபடியே இருந்தது. நாற்காலியின் பின்னல் மட்டும் நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது. பள்ளம் நிமிரவில்லை.

எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிடலாம், வியாபாரியிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஓடிப்போய்ப் பசையைக் குழைத்தாள். ஒவ்வொரு சீட்டாக, அதனதன் புத்தகத்தில், அதனதன் தடத்தில் ஒட்டி எலும்பில் செய்த மழுங்கிய கத்தியால் நீவினாள். கை எதிலும் திரும்பி வரவில்லை. கடைசியில் ஒரு புத்தகத்துக்குச் சீட்டு இல்லை. மேசையடியில் தேடினாள். ஒற்றுத்தாள்களை உதறினாள். இல்லை.

"வாலு, அம்மா மேசையிலேர்ந்து ஒரு படம் எடுத்தியா? திட்ட மாட்டேன், சொல்லு."

"நான் எடுக்கல. அவருதான் எடுத்தாரு."

"எவரு?"

"முன்னாடி உக்காந்திருக்காரே, அவரு. நீ அவரோடதை எல்லாம் உரிச்சிட்டியாம். பதிலுக்கு ஒண்ணு வேணுமாம்."

"எங்க ஒட்டினாரு?"

குழந்தை முடியை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினாள்.

காலி நாற்காலி. என்னுடையது.

அழக்கூட நேரமில்லை. மகளை மடியில் கவிழ்த்துப் போட்டாள். ஈரத்தாளை வைத்தாள். பொறுத்தாள். இது அவள் வேலை. இதுவரை ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. மூலை இளகியது. கத்தியை நுழைத்தாள். மெல்ல, மெல்ல. வந்துவிட்டது. முழுதாக வந்துவிட்டது.

அடியில் தோல் இல்லை. இன்னொரு சீட்டு.

உரித்தாள். அதனடியில் இன்னொன்று. அதையும் உரித்தாள். வெதுவெதுப்பாக வந்தது. பின்பக்கம் குழந்தையின் பிடரிப் பூனைமுடி ஒட்டியிருந்தது. இன்னொன்று. இன்னொன்று. மடியில் கனம் குறைந்துகொண்டே வந்தது. குழந்தை மூச்சு விட்டாள். தாள் சரசரத்தது.

கத்தியைக் கீழே போட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? வலிக்கல."

முன்னறை நாற்காலி முனகியது. யாரோ எழுந்தார்கள். அவசரமில்லாத காலடி. பசை வாசனை.

மகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ள அதிகம் இல்லை.

அறை வாசல் திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. நீண்ட விரல்கள். மசிக் கோடுகளாலான நரம்புகள். அது எதையும் பறிக்கவில்லை. உள்ளங்கையை மேலே காட்டியபடி அவள் முகத்துக்கு நேரே நின்றது. அவளாகவே கொடுக்கட்டும் என்று.