செத்தவர் சொன்ன சாட்சி!

"ஐயோ... பொணம்!"

பேச்சியம்மா கொழுந்துக் கூடையை வீசிவிட்டு ஓடினாள்.

ஓடையில் குப்புறக் கிடந்தார் தோட்ட மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பொன்னையா. பின்னந்தலை பிளந்திருந்தது. தோட்டத்தையே அதட்டி வேலை வாங்கிய மனிதர்... இனி யாரையும் அதட்ட மாட்டார்!

1957. வட்டவளைக்குப் பக்கத்துத் தோட்டம். இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசத்தின் ஜீப் ஹட்டனிலிருந்து வந்து சேர்வதற்குள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்களே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

குற்றவாளி, தொழிலாளி செல்லசாமி!

மரத்தில் கட்டி, உதடு கிழிய அடித்திருந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டரின் காலைக் கட்டிக்கொண்டு அவன் மனைவி மீனம்மா கதறினாள்.

"பரவாயில்லையே! தூக்குக் கயிறு மட்டும்தான் பாக்கியா?" என்றார் இன்ஸ்பெக்டர். "இவன்தான்னு எப்படித் தெரியும்?"

கணக்கப்பிள்ளை சோமசுந்தரம் முன்னால் வந்தார்.

"நேத்து பெரட்டுல ஆள் கணக்கெடுக்கிறப்ப, கண்டாக்கையா இவனுக்கு அரைநாள் கூலிக்குத்தான் பேரு போட்டாருங்க. 'பாத்துக்கிறேன்'னான். இன்னைக்குப் பொணம்!"

"நேத்து நானும் எங்க ஏட்டய்யாவ 'பாத்துக்கிறேன்'னேன். இந்தா, கல்லு மாதிரி நிக்கிறாரு!"

ஏட்டு அழகுமுத்து அசடு வழிந்தார்.

"இவன் அப்பனே ஜெயிலுக்குப் போனவன்தாங்க!" இது கூட்டத்தில் நின்ற ராக்காயி.

"எங்கப்பா தபால்காரரு. நான் உனக்கு கடுதாசியா கொண்டாந்திருக்கேன்?"

"லயமே சொல்லுதுங்க!"

"லயத்துல யாரு கண்ணால பாத்தது?"

ஒரு கையும் எழவில்லை.

"பேச்சியம்மா, உனக்கு யாரு சொன்னா?"

"ராக்காயிங்க."

"ராக்காயிக்கு?"

"கணக்கப்பிள்ளை ஐயாங்க..."

"உங்களுக்கு யாரு சொன்னாங்க, கணக்கப்பிள்ளை?"

"அதான்... எல்லாரும் சொல்றாங்களே!"

"அடடா! அவங்களுக்கு நீங்க சொன்னீங்க. உங்களுக்கு அவங்க சொன்னாங்க. பாத்தவன் மட்டும் இன்னும் பொறக்கல!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையின் முகம் கறுத்தது.

"சாட்சிதானே வேணும்? கண்டாக்கையாவே சொன்னாருங்க!"

"என்னது?!"

"நேத்து சாயங்காலம் ஓடைப் பக்கம் போனேங்க. உசுரு ஊசலாடிக்கிட்டிருந்துச்சு. 'செல்லசாமி வெட்டிட்டான்'னு சொல்லி, என் மடியிலதான் கண்ண மூடுனாரு. சாகப்போற மனுசன் பொய் சொல்லுவாராங்க?"

"சொல்ல மாட்டாரு!" என்றது கூட்டம்.

மீனம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. அதற்கு மேல் அழவும் தெம்பில்லை. அழகுமுத்து விலங்கை எடுத்தார்.



"ஏங்க கணக்கப்பிள்ளை..." பேச்சியம்மாவின் குரல் தயங்கியது. "காலையில நான் கத்துனப்ப, 'யாரு செத்தது, புள்ள?'ன்னு கேட்டுக்கிட்டுல்ல ஓடி வந்தீங்க?"



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"சாயங்காலம் மடியில செத்தவர, காலையில யாருன்னு கேட்டீங்களோ? ராத்திரி பூரா ஓடையில கெடக்க விட்டுட்டு, வீட்டுல நிம்மதியா தூங்குனீங்களோ?"

"அது... வந்து..."

வரவில்லை. ஓடினார்!

தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தவர், வடிகானில் தடுக்கி விழுந்தார். அழகுமுத்து அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தார்.

"சொல்லிடுறேங்க! ஃபேக்டரித் தேயிலைய நான் களவா லாரியில ஏத்துனத பாத்துட்டாரு. தொரைகிட்ட சொல்லுவேன்னாரு. கத்திய எடுத்துட்டேன்..."

"இப்பத்தான்யா ஒழுங்கா சாட்சி சொல்ற. நீயே செஞ்சது, நீயே பாத்தது!"

மீனம்மா ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தாள். செல்லசாமி அவள் தோளில் சாய்ந்து நடந்தான். அடித்தவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்களுக்குத்தான் வேறு வேலை வந்துவிட்டதே!

"கணக்கப்பிள்ளைய மரத்துல கட்டுங்கடா!"

"எனக்கு அப்பவே தெரியும்ங்க!" ராக்காயியின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "இவ்வளவு பெரிய மீசை வச்சவன் கொலை செய்யாம வேற என்ன செய்வான்?"

விலங்கு மாட்டிய கணக்கப்பிள்ளையை ஜீப்புக்குள் தள்ளிவிட்ட இன்ஸ்பெக்டர், தன் முறுக்கு மீசையைக் கையால் மூடிக்கொண்டு தாவி ஏறினார்.

"வண்டிய எடுங்க ஏட்டய்யா... அடுத்த கேஸ் நான்தான்!"