பாதி அமுங்கிய பொத்தான்

காலையில் போட்ட புது பேட்டரி, டாக்டர் மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் செத்துப் போயிருந்தது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துச் சரி செய்கிறவர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்துப் பக்கத்துச் செல்போன் கடைக்காரன் வைத்த பெயர் அது. பெயர் வைப்பதில் டாக்டரும் சளைத்தவர் இல்லை. அவர் வைத்த ஒரு பெயர்தான் காலையிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது.

காலையில் கடையைத் திறந்ததும் ஒரு பெண் வந்து, துணிப்பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பார்த்ததுமே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கதானே எங்க அக்காவுக்கு பேட்டரி அக்கான்னு பேர் வெச்சது?" என்றாள்.

டாக்டர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்டரி அக்கா முதல் தடவை வந்தபோது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று யார் வந்தாலும் சொல்வதையே அவளுக்கும் சொன்னார். "பையில வெக்கிறப்போ படம் எடுக்கிற பொத்தான் பாதி அமுங்கியிருக்கும்மா. பாதி அமுங்கினாலே உள்ள வெளிச்சம் பார்க்கிற முள் எழுந்துக்கும். அது முழிச்சிருக்கிற வரைக்கும் பேட்டரியைத் தின்னுட்டே இருக்கும்." அவள் மெதுவாகக் கேட்டாள்: "நான் பையிலயே வெக்கிறதில்ல தம்பி. அலமாரியில பூட்டித்தான் வெச்சிருக்கேன். யாரு அமுக்குவா?" டாக்டர் சிரித்துவிட்டார். கேமராவை உள்ளே எடுத்துப் போய், மேலாகத் துணியால் துடைத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் அவளைக் காக்க வைத்து, புது பேட்டரி போட்டுக் கொடுத்தார். "திறந்து பார்த்துச் சரி பண்ணிட்டேன்" என்றார். திறக்கவே இல்லை.

அவள் திரும்பத் திரும்ப வந்தாள். வரும்போதெல்லாம் கைநிறைய பேட்டரி வாங்கிப் போனாள். "அது காலியா இருக்கக் கூடாது தம்பி. காலியானா வேற எங்கிருந்தாவது எடுத்துக்குது" என்று ஒருநாள் சொன்னாள். அப்படியென்றால் தூக்கிப் போட்டுவிடுங்களேன் என்றதற்கு, "வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்களே, பாவம்" என்றாள். செல்போன் கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர்கள் சிரிக்கிறார்களே என்று அவளும், பையின் பிடியைச் சரிசெய்துகொண்டே, கொஞ்சமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் டாக்டருக்குக் காது மடல் சுட்டது. பேட்டரி அக்கா என்ற பெயர் தெரு முழுக்கப் பரவியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் அதைச் சொன்னவர்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அதோடு விட்டாரா? ஒருநாள் அவள் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டு, கேமராவில் உண்மையிலேயே கோளாறு இருக்கிறதா என்று கேட்டபோது, கடை நிறைய ஆள் இருந்தது. ஆள் இருந்தால் டாக்டருக்கு வாய் நிற்காது. "கேமராவுல ஒண்ணும் இல்லம்மா, நல்லா திறந்து பார்த்துட்டேன். உங்க அக்காவுக்குத்தான் சார்ஜ் இறங்கிப் போச்சு!" கடையே சிரித்தது.

அந்தத் தங்கைதான் காலையில் எதிரே வந்து நின்றுகொண்டிருந்தாள். திட்ட வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க சொன்னதை நம்பி வீட்டுல இருந்த பேட்டரி எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வெச்சோம். அழுதா, கெஞ்சினா. அப்புறம் கேட்கிறதை விட்டுட்டா, படுத்துட்டா. ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்து ஒரு நோயும் இல்லைன்னாங்க. கையைக் கூடத் தூக்க முடியாம வத்தி வத்திப் போயிட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இன்னொரு தடவை திறந்து பாருங்க. ஏதாவது கோளாறு இருந்துச்சுன்னா, அவ பைத்தியம் இல்லைன்னு ஆயிடும். சாயங்காலம் கூப்பிடறேன். சொல்லச் சங்கடமா இருந்தா ஃபோனை எடுக்காதீங்க. ஒண்ணும் இல்லைன்னு நானே புரிஞ்சுக்கறேன்."

இன்னொரு தடவை என்றாளே, அங்கேதான் டாக்டர் கூசிப்போனார். முதல் தடவை என்று ஒன்று இருந்தால்தானே.

அவள் போனதும் மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளக்கை அருகே இழுத்தார். அடித்தகட்டின் திருகாணிகளில் கம்பெனியில் வைத்த மெழுகு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. இதுவரை யாரும் இதைத் திறக்கவில்லை என்று அந்தச் சின்னஞ்சிறு திருகாணிகள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லின. கடையில் யாரும் இல்லாவிட்டாலும் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெழுகைச் சுரண்டினார்.

உள்ளே எல்லாம் சுத்தம். பேட்டரி உட்காரும் குழியில் பச்சைக் களிம்பு பூக்கவில்லை. ஒயர் எதுவும் உரியவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். பொத்தானைத் தொடாதவரை கேமரா துளி மின்சாரம் இழுக்கவில்லை. இப்படி ஒழுங்கான ஒரு பழைய கேமராவை அவர் பார்த்தே நாளாயிற்று. கோளாறு இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் அந்த நிம்மதியை நினைத்து வெட்கமும் வந்தது. மூடி, புது பேட்டரி போட்டு வைத்தார். மதியம் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி பிணம்.

மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. வாசல் தகரத்தில் விழும் சத்தம் கடைக்குள் நிரம்பி, சுவர் மின்விசிறியின் கடகடப்பையும் பக்கத்துக் கடையில் யாரோ மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த ரிங்டோன்களையும் விழுங்கிக்கொண்டிருக்க, துடைக்கும் ஸ்பிரிட்டின் நெடியோடு, நனைந்த தோல் உறையின் வாசனையோடு, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வாசனையும் வந்தது. நெடுநாள் படுத்துக் கிடந்தவர்களின் தலையணையிலிருந்து வருமே, அது. டாக்டர் இன்னொரு பேட்டரி போட்டார். லென்ஸுக்கு மூடி போட்டார். கேமராவை ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

பொத்தான் பாதி இறங்கியிருந்தது.

சிக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்து நகத்தால் நெம்பினார். டக்கென்று மேலே வந்தது. அப்பாடா, இதுதான் கோளாறு, சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாம் என்று அவர் மூச்சு விடுவதற்குள் பொத்தான் மறுபடி இறங்க ஆரம்பித்தது. ஸ்பிரிங் தளர்ந்த பொத்தான் தொபுக்கென்று விழும். இது அப்படி விழவில்லை. பழக்கப்பட்ட ஒரு விரல் அவசரமில்லாமல் அமுக்குவதுபோல இறங்கி, சரியாகப் பாதியில் நின்றது.

கேமராவின் பின்பக்கம், கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துணியால் துடைத்தார். மறுபடி படிந்தது. துடைத்தார். படிந்தது. யாரோ முகத்தை ஒட்டி வைத்து மூச்சு விடுகிற அளவுக்கு, வட்டமாக.

கேமராவை எடுத்துத் தன் கண்ணை வைத்தார். மூடி போட்ட லென்ஸ். உள்ளே ஒரே இருட்டு. இருட்டில் முள் கீழே படுத்துக் கிடக்க வேண்டும். அது எழுந்து, நட்டநடுவில் நின்றது. போதுமான வெளிச்சம் இருக்கிறது, படம் எடுக்கலாம் என்பதற்கான இடம் அது.

எடுத்துத் தெருவில் வீசிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வாசல்வரை போயும் விட்டார். மழையில் குடையோடு யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். *வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்களே, பாவம்.* அதைக் கேட்டா சிரித்தோம் என்று அவருக்கு அழுகை முட்டியது. அவளுக்கு இருந்த மனசில் பாதிகூடத் தனக்கு இல்லையே என்று தன்னைத் தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. திரும்பி வந்து கேமராவை மேஜையில் வைத்து உட்கார்ந்தார்.

பேட்டரி தீர்ந்தது. இன்னொன்று போட்டார். அது அதைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. இழுப்பறையைத் துழாவி இன்னொன்று. பிறகு இன்னொன்று. செத்த பேட்டரிகள் விரிப்பின்மேல் சேர்ந்துகொண்டே போயின. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

கடைசிப் பேட்டரியும் போனது. அதைக் குழியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். கண்ணை வைத்துப் பார்த்தார். முள் விழுந்து கிடந்தது. சரி, இனி ஒன்றும் செய்ய முடியாது, எழுந்து போய்விடலாம் என்று காலை ஊன்றினார்.

கால் எழவில்லை.

ரொம்ப நேரம் உட்கார்ந்ததில் மரத்துப் போயிருக்கும். தொடையைத் தேய்க்கக் கையைக் கொண்டுபோனார். கை மேஜையிலேயே கிடந்தது. விரல் நுனியிலிருந்து குளிர் ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. வலி இல்லை. இறங்கிக்கொண்டே போகும் ஒரு சோர்வு மட்டும்.

பேட்டரிக் குழி காலியாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. காலியானா வேற எங்கிருந்தாவது எடுத்துக்குது.

எடுத்துக்கொண்டிருந்தது.

"டேய்..." என்று கூப்பிட்டார். குரல் உதட்டைத் தாண்டவில்லை. இன்னும் ஒரு முறை, இருக்கிற உயிரையெல்லாம் திரட்டி: "பேட்டரி... ஒரு பேட்டரி கொடுடா..."

கடையைப் பூட்டக் கிளம்பிய செல்போன் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். மேஜையில் குவிந்த பேட்டரிகளையும், சாய்ந்து கிடந்தவரையும், கேமராவையும் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அய்யய்யோ, நம்ம டாக்டருக்கே சார்ஜ் இறங்கிப் போச்சுடோய்!"

டாக்டர் தலையை ஆட்டப் பார்த்தார். இல்லைடா என்று சொல்லப் பார்த்தார். உதடு மட்டும் கோணிக்கொண்டது. அவன் அதையும் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டான்.

"அந்தப் பேட்டரி அக்கா மாதிரியே நடிக்கறீங்க, போங்க! நாளைக்குப் பார்ப்போம்."

அவன் கடை ஷட்டர் இறங்கும் சத்தம். பூட்டு. மழைக்குள் வண்டி கிளம்பிப் போனது.

பிறகு தொலைபேசி அடித்தது.

கைக்கு எட்டும் தூரம்தான். திரையில் வெளிச்சம் எழுந்து எழுந்து அடங்கியது. அவள்தான். எடுக்க வேண்டும். எடுத்துச் சொல்ல வேண்டும். உங்க அக்கா பொய் சொல்லலம்மா. நான்தான். நான் திறந்தே பார்க்கல. ஒரு விரல். ஒரே ஒரு விரலை நகர்த்தினால் போதும். விரல் நகரவில்லை. மணி அடித்தது. அடித்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

நின்றது.

ஒண்ணும் இல்லை என்று அந்தப் பெண் புரிந்துகொண்டிருப்பாள். அக்காவுக்குத்தான் பைத்தியம் என்று அழுதுகொண்டிருப்பாள். டாக்டரின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கன்னத்தில் நின்றது. துடைக்க முடியவில்லை.

மங்கிய வெளிச்சத்தில் விரிப்பின்மேல் கறுப்பாக ஏதோ வட்டமாகக் கிடந்தது. லென்ஸ் மூடி. அவர் கழற்றவில்லை.

லென்ஸ் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அதன் பின்னால், யாரோ மூச்சு விடுவதுபோல ஆவி எழுந்தது. குழியில் பேட்டரி இல்லை.

பாதியில் நின்றிருந்த பொத்தான், மெல்ல, மீதிப் பாதியும் இறங்கத் தொடங்கியது.