ஊறுகாய் பாட்டிலில் ஒரு பெரிய உட்கரு

“ஏனுங்க... இதுல இருந்த தண்ணி எங்கேங்க?”

பரிதா போட்ட சத்தத்தில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. மாமாவின் மளிகைக் கடையைக் கவனிக்க சேலத்திலிருந்து வந்து ஒரு வாரமே ஆன யூசுப், பெருமையாகச் சிரித்தான்.

“ஒரே நாத்தமுங்க. கொட்டிட்டு, சோப்பு போட்டுக் கழுவி வச்சிருக்கேன். பளபளன்னு இருக்குது பாருங்க!”

பளபளத்தது ஊறுகாய் பாட்டில் மட்டுமா... அவள் கண்களும்தான், கோபத்தில்! தபாலாபீஸ் போய் வரும்வரை இருக்கட்டுமே என்று கடையில் வைத்துவிட்டுப் போனது தப்பா? வைக்கோல் போட்டு ஐந்து நாள் ஊறவைத்த ஏரித் தண்ணீர். அதில் ஆயிரம் பாரமீசியம் நீந்திக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை சேலத்தில் பிராக்டிகல் பரீட்சை. அந்த ஒற்றைச் செல் உயிரின் பெரிய உட்கருவை மைக்ராஸ்கோப்பில் காட்டாவிட்டால் பி.எஸ்ஸி. அம்போ! அத்தனையையும் அவனிடம் பொரிந்து தள்ளினாள்.

“மன்னிச்சுக்குங்க... புதுசா புடிச்சுத் தர்றேனுங்க.”

“ஒண்ணும் வேண்டாம். நீங்க சோப்பு போடுற வேலையப் பாருங்க!”

விறுவிறுவென்று நடந்தாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. இவ்வளவு கோபத்திலும் அவன் இமைகள் எவ்வளவு நீளம் என்று ஏன் கவனித்தாள்? ச்சே...

வியாழக்கிழமை முதல் பஸ். படிக்கட்டருகே யூசுப், மூன்று பாட்டில்களோடு. தலைச்சோலை, செம்மநத்தம், மாரமங்கலம் என்று ஊர்ப்பெயர்ச் சீட்டு எழுதி ஒட்டியிருந்தான்.

“உங்க ஆளு எந்தக் குட்டையில இருப்பாருன்னு தெரியலீங்க. நாறுற தண்ணியாப் பாத்து எடுத்தேன்.”

சிரிப்பு வந்தது. வீம்பு விடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கினாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறலில் நின்றிருந்தான்.

“இருந்துச்சுங்களா?”

“செம்மநத்தத் தண்ணியில. பச்சைச் சாயம் விட்டதும் அவரை விதையாட்டம் நின்னுச்சுங்க, பெரிய உட்கரு. நொம்ப அழகு.”

“அது என்ன வேலைதான் பண்ணுமுங்க?”

“திங்கறது, நீந்தறது எல்லாம் அது சொல்றபடிதான். பக்கத்துல சின்னதா இன்னொண்ணு சும்மா கெடக்கும். ஆனா ரெண்டு பாரமீசியம் சேருதுன்னு வைங்க... அந்தப் பெரிசு ஒடஞ்சு கரைஞ்சே போயிரும். அப்புறம் சின்னதுலருந்து புதுசா ஒண்ணு உண்டாகும்.”

பாடமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கன்னம் சுட்டது. மூன்று நாளாக அவளை ஆட்டிவைத்த வீம்பைத் தேடிப் பார்த்தாள். காணோம்.

“கோவம் போயிருச்சுங்களா?” தயங்கித்தான் கேட்டான்.

“போயிருச்சு. உங்களப் புடிச்சும் போச்சு...” அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். “ஊட்டுப் பெரியவங்களக் கூட்டிட்டு வந்து எங்க அத்தாகிட்டப் பொண்ணு கேளுங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே?”

யூசுப்புக்கு ஒரே அவசரம்.

“அவ்வளவு நாள் எதுக்குங்க... நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சதும் வர்றோமுங்க!”