கேம் கடையில் மூன்று இருபத்தைந்து

சரியாக இரண்டு மணிக்கு கேம் கடைக்காரி தையல் கடைக்குள் வந்தாள். அவள் தன் கடையை விட்டு நகரவே மாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"அக்கா, உங்க அண்ணி இருக்காங்களா?"

அண்ணி உள்ளே பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். தீப்பிடித்ததாகச் சொன்ன குடோன், திருட்டுப் போனதாகச் சொன்ன நகை, கவிழ்ந்ததாகச் சொன்ன லாரி. நேரில் போய்ப் பார்த்து எது பொய் என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஓய்வு பெற்ற பின் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நாத்தனாரின் கடைக்கு வந்து பொத்தான் பிரித்தாள். அவளைத் தேடி இப்படி யாராவது வர மாட்டார்களா என்று தையல்காரி தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! கேஸ்!"

"கத்தாத. உக்காரச் சொல்லு."

கடைக்காரி உட்காரவில்லை. போனை மேஜை மேல் வைத்தாள்.

"அஞ்சு மணிக்கு லைசென்ஸ் ஆபீசர் வர்றார். இந்தப் படத்துக்குப் பதில் சொல்லலேன்னா இன்னைக்கே சீல். யாரோ பேர் போடாம புகார் அனுப்பியிருக்காங்க."

பள்ளி நேரத்தில் சீருடைப் பிள்ளைகளைக் கடைக்குள் விடக் கூடாது. லைசென்ஸின் முதல் நிபந்தனை அது. படத்தில் ஒரு சிறுமி, பள்ளிச் சீருடையில், கேம் மெஷின் முன் நின்றுகொண்டிருந்தாள். வலப் பக்கப் பின்புறத்திலிருந்து, கொஞ்சம் உயரத்திலிருந்து எடுத்த படம். முகம் தெரியவில்லை. இரட்டைப் பின்னல். வலது கை மெஷினின் ஜாய்ஸ்டிக் குச்சியைப் பிடித்திருந்தது. இடது கை பொத்தான்களின் மேல். திரை வெறும் வெள்ளை வெளிச்சம். மெஷினின் மேல் பலகையில் எழுத்தில்லாத சிவப்பு ஷீட். அதற்கு மேலே சுவரில் கடிகாரம். எண்கள் கிடையாது, கோடுகள் மட்டும். மணி மூன்று இருபத்தைந்து.

பள்ளி விடுவது நான்கு மணிக்கு.

"யார் தச்ச ஸ்கர்ட் இது?" என்றாள் தையல்காரி. "ஜிப்பை வலப் பக்கம் வெச்சிருக்கான். இவன் கையில கத்தரிக்கோல் குடுத்தது யாரு?"

"கேஸைப் பாருன்னா துணியைப் பாக்குற," என்றாள் அண்ணி. ஆனால் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். "இந்தப் பொண்ணு யாரு?"

"பேரு தெரியாது மேடம். ரெட்டைப் பின்னல்னுதான் கூப்பிடுவோம். மாடியில டியூஷன் விட்டதும் பசங்களோட பசங்களா வருவா. யூனிஃபார்மை மாத்த எங்க நேரம் அதுங்களுக்கு? ஆனா பகல்ல ஒரு நாளும் வந்ததில்ல. சத்தியம்."

"ஆபீசர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். கடிகாரம் பொய் சொல்லாதும்மான்னுட்டார்."

"கடிகாரம் சரியா ஓடுதா?"

"அதுதான் வம்பே. ஒரு நிமிஷம் தப்பாது." கடைக்காரி போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "ஆனா ஒண்ணு. இதைப் பாத்தா என் கடை மாதிரியே இல்ல. எவனோ வீட்டுக்குள்ள பூந்து சாமானை எல்லாம் இடம் மாத்தி வெச்ச மாதிரி இருக்கு. எதைன்னு சொல்லத் தெரியல."

அண்ணி பொத்தான்களை டப்பாவுக்குள் தள்ளி மூடினாள். "கடையைப் பாத்துடலாம்."

*

தெருவிலிருந்து மூன்று படி இறங்கினால் கேம் கடை. நீண்ட அறை. வெளிச்சம் வர வழியில்லை. பட்டப்பகலிலும் குழல் விளக்கு. நீளச் சுவர் ஒன்றை ஒட்டி ஒரே மாதிரி மூன்று மெஷின்கள், மூன்றின் தலையிலும் சிவப்பு ஷீட். பெயர்ப் பலகைகள் உடைந்தபோது கடைக்காரி ஒட்டியது. இன்னொரு மூலையில் கார் ஓட்டும் மெஷின். அதன் பின்னால், உதிரிக்காகக் குடல் உருவப்பட்ட பழைய பெட்டிகள்.

"இந்தப் பிக்சர் டியூப் இப்ப எங்கயும் செய்யறதில்ல," என்றாள் கடைக்காரி. "ஒண்ணு போனா செத்ததுல இருந்து எடுத்து உசுரோட இருக்கறதுல மாட்டணும். மெயின் ரோட்டு மால்ல ஒரு மாடி முழுக்க கேம், ஏசியோட. அது போதாதுன்னு ஆளாளுக்குக் கையில போன். புத்தி சொல்லாத ஆள் கிடையாது."

கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'இன்றும் திறந்திருக்கும்.' அந்த 'இன்றும்' மட்டும் பெரிய எழுத்தில்.

"உங்களைக் கடையை மூடச் சொல்றவங்க யார் யாரு?" என்று கேட்டாள் அண்ணி.

"சொல்லாதவங்களைக் கேளுங்க மேடம், சீக்கிரம் முடிஞ்சிடும்."

அண்ணி சிரிக்கவில்லை. கடைக்காரி விரல் மடக்கினாள்.

"முதல்ல கட்டடக்காரர். இந்தக் கட்டடம் அவரோடது, எதிர்ல ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். இந்த இடத்தை போன் ஷோரூமுக்கு விடணும்னு துடிக்கிறார். ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிட்டு பஸ் ஏறிடுவார், அதுவரைக்கும் இந்த வாசலையேதான் பாத்துக்கிட்டு இருப்பார். ரெண்டாவது என் பழைய மெக்கானிக். இங்க இருக்கற ஒவ்வொரு ஸ்க்ரூவும் அவன் கை பட்டது. இப்ப மால்ல வேலை. மெஷினை எல்லாம் பழைய இரும்பு விலைக்குக் கேக்குறான். மூணாவது மாடி டியூஷன் மாஸ்டர். என் கடைச் சத்தத்துல அவர் அல்ஜீப்ரா கலைஞ்சு போகுதாம்."

"மாஸ்டர் கீழ வருவாரா?"

"அவரா! தொத்து நோய் வார்டைப் பாத்த மாதிரி ஒதுங்கிப் போவார். ஒரு தடவை கூட உள்ள கால் வெச்சதில்ல."

"மெக்கானிக்தான் அண்ணி," என்று தையல்காரி காதோடு சொன்னாள். "விலை கேட்டான் பாருங்க. எழுதி வெச்சுக்கங்க."

"நீ போய் விளையாடு."

"நானா?"

"நடுவுல இருக்கற மெஷின். படத்துல இருக்கற பொண்ணு மாதிரி நில்லு."

தையல்காரி நின்றாள். கடைக்காரி மெஷினைத் தட்டிவிட்டாள். திரையில் ஒரு குட்டி விமானம் கிளம்பி, எதிரில் வந்த முதல் பாறையில் மோதி வெடித்தது. இரண்டாவது விமானம் அந்தப் பாறை வரைகூடப் போகவில்லை. மூன்றாவதற்குள் தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டு மெஷினோடு சேர்ந்து வளைய ஆரம்பித்திருந்தாள்.

அண்ணி பின்னால் நின்றாள். போனைப் பார்த்தாள். நாத்தனாரின் கைகளைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு நேராக இடப் பக்கச் சுவரை நோக்கிப் போனாள். மெஷின்களைப் பார்த்து நின்றால் தெரு வாசல் அறையின் வலப் பக்கம். இடப் பக்கச் சுவரில், தலைக்கு மேலே, காற்றுக்காக விட்ட ஒரு ஜன்னல் மட்டும் இருந்தது.

"இது எங்க திறக்குது?"

"மாடிப்படித் திருப்பத்துல."

மூவரும் வெளியே போய் மாடிப்படி ஏறினார்கள். படிக்கட்டின் தொடக்கத்தில் மாஸ்டரின் போர்டு. 'மாணவர்கள் கைபேசி கொண்டுவரக் கூடாது.' திருப்பத்தில் அண்ணி நின்று குனிந்து ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது நெற்றியில் ஒட்டடை.

"அஞ்சு மணிக்கு மூணு பேரையும் கடைக்கு வரச் சொல்லுங்க."

"வருவாங்களா மேடம்?"

"கடையை மூடப் போறாங்கன்னு சொல்லுங்க. ஓடி வருவாங்க."

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, எனக்கு மட்டும் சொல்லுங்களேன்."

"உனக்கு எதுக்கு? நீதான் கண்டுபிடிச்சதே. அதுவும் ரெண்டு மணிக்கே."

*

ஓடித்தான் வந்தார்கள். கட்டடக்காரர் ஒரு அளவு டேப்புடன் வந்தார். மெக்கானிக் மாலின் நீலச் சட்டையில் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கார் மெஷின் மேல் சாய்ந்தான். டியூஷன் மாஸ்டர் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார். லைசென்ஸ் அதிகாரி சீல் வைக்கும் சாமான்களைப் பையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தார்.

"பதில் இருக்காம்மா?"

"இருக்கு," என்றாள் அண்ணி. "முதல்ல நீங்க ஒரு ஆட்டம் ஆடுங்க சார்."

"நான் டியூட்டியில இருக்கேன்."

"இதுவும் டியூட்டிதான். சும்மா கையை வைங்க."

அதிகாரி தயங்கி, மெஷின் முன் நின்று கைகளை வைத்தார்.

"குச்சி எந்தக் கையில இருக்கு?"

"இடது கையில."

"பக்கத்து மெஷின்ல?"

"எல்லா மெஷின்லயும் அப்படித்தான் மேடம்," என்றாள் கடைக்காரி. "குச்சி இடது கைக்கு, பொத்தான் வலது கைக்கு. நான் பாத்த மெஷின் எல்லாமே..." அவள் நின்றாள். போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "அடக் கடவுளே. படத்துல வலது கையில பிடிச்சிருக்கா! பிள்ளையையும் கடிகாரத்தையும் பாத்துட்டு நான் வேற எதையும் பாக்கவே இல்லையே!"

"பயந்தவங்க கண்ணு அப்படித்தான்," என்றாள் அண்ணி. "ஆனா பயப்படாத ஒருத்தி கண்ணுல பட்டுது. ஸ்கர்ட் ஜிப் வலப் பக்கம் இருக்குன்னு என் நாத்தனார் திட்டினா. ஏம்மா, ஜிப்பை எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"இடப் பக்கம்தான் அண்ணி. ஊரு உலகம் பூரா..." தையல்காரியின் வாய் திறந்தபடி நின்றது. "அப்ப படத்தையே..."

"திருப்பிட்டாங்க. கண்ணாடியில பாக்குற மாதிரி, இடம் வலமா. போன்ல ஒரு தட்டு தட்டினா போதும். நீயே தட்டிப் பாரு."

தையல்காரி தட்டினாள். குச்சி இடது கைக்கு வந்தது. ஜிப் இடுப்பின் இடப் பக்கம் வந்தது. யாரும் கேட்காமலே எல்லோர் கண்களும் கடிகாரத்துக்குப் போயின.

எட்டு முப்பத்தைந்து.

"உள்ள சூரியன் வராத கடை," என்றாள் அண்ணி. "பகலும் ராத்திரியும் ஒண்ணு. கடிகாரத்துல எண் இல்ல. பலகையில எழுத்து இல்ல. திருப்பினதைக் காட்டிக் கொடுக்க எதுவும் இல்லன்னு நினைச்சிருக்காங்க."

அதிகாரி போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் பிள்ளைங்க வரலாம். ஒன்பது வரைக்கும் அனுமதி உண்டு," என்றார். தனக்கே சொல்வது போல.

"அப்ப இது யார் வேலை?" என்றார் கட்டடக்காரர். "என்னைப் பாக்காதீங்க."

"உங்களைப் பாக்கல. எட்டரைக்கு நீங்க வீட்ல."

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். தையல்காரி எல்லோரையும்விடக் கடுமையாகப் பார்த்தாள்.

"இவரும் இல்ல," என்றாள் அண்ணி. "இந்தக் குச்சியைக் கழட்டி மாட்டியே காலத்தை ஓட்டினவர். திருப்பின படத்துல குச்சி தப்பான கையில இருக்கறது பாத்த மாத்திரத்துல தெரிஞ்சிருக்கும், வெளிய அனுப்பியிருக்க மாட்டார்."

"நான் பொய் சொன்னா இதைவிட ஒழுங்காச் சொல்லுவேன்," என்றான் மெக்கானிக். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"இதைச் செஞ்சவர் வாழ்நாள்ல ஒரு மெஷினையும் தொடாதவர். இப்ப எங்க நின்னு எடுத்தார்னு பாருங்க. புகார்ல வந்த படத்துல வலப் பக்கத்திலிருந்து, உயரத்திலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். அதாவது தெருப் படியில இருந்து, போற வர்ற யார் வேணாலும் எடுத்திருக்கலாம். திருப்பி வெச்சா எடுத்த இடமும் திரும்புது. இடப் பக்கம், உயரம். அங்க ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கு, மாடிப்படித் திருப்பத்துல. டியூஷன் விட்ட நேரம். படியில இருக்கறது பிள்ளைங்களும் மாஸ்டரும். பிள்ளைங்க போன் கொண்டுவரக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கு."

 கார் மெஷின் தன் பாட்டுக்கு உறுமியது. மேலே பிள்ளைகள் பெஞ்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போடவில்லை.

"எட்டரைன்னா மட்டும் சரியாயிடுமா?" என்றார். "படிச்சுட்டு வீட்டுக்குப் போக வேண்டிய பொண்ணு இந்தக் குகைக்குள்ள நிக்குது. எத்தனை தடவை சொல்லியும் கேக்கல. அடிச்சும் பாத்தாச்சு. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"யார் அடிச்சாங்க சார்?" என்றார் அதிகாரி. "யார் பொண்ணு அது?"

மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு."

தையல்காரி குற்றவாளி பிடிபடும் கணத்துக்காகக் காத்திருந்தவள். இப்போது அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

அதிகாரி சீல் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். "பொய்ப் புகாருக்கு நான் நடவடிக்கை எடுக்கலாம்மா. நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"எழுத எனக்கு நேரம் இல்ல சார்," என்றாள் கடைக்காரி. "இன்னும் கொஞ்ச நேரத்துல கூட்டம் வந்துடும்."

"கூட்டம்!" மாஸ்டர் நிமிர்ந்தார். "எத்தனை நாளைக்கும்மா? என் படம் இல்லேன்னா கரண்ட் பில் மூடும். அதுவும் இல்லேன்னா இவர் ஷோரூம். ஊரே போன்ல விளையாடுது. நீங்க மட்டும் இந்த ஓட்டைப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"நான் அழுது நீங்க பாத்தீங்களா?"

கடைக்காரி அவர் நின்ற படி வரை போனாள். கட்டடக்காரர் அளவு டேப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"டியூப் போச்சுன்னா வேற டியூப் தேடுவேன். வாடகை ஏத்தினா ரெண்டு மெஷினை வித்துட்டு ரெண்டை ஓட்டுவேன். ஒண்ணே ஒண்ணு மிஞ்சினாலும் அதுக்கும் ஷட்டரைத் தூக்குவேன். அது என் பாடு, நீங்க கவலைப்பட வேணாம். உங்க பொண்ணைப் பத்தித்தான் கேக்குறேன். இங்க விளையாடுறப்ப என் கண் முன்னாடி நிக்கிறா. தோத்தா பக்கத்துல இருக்கறவன் கிண்டல் பண்றான், இவ திருப்பிக் குடுக்குறா. ஜெயிச்சா பத்துப் பேர் கத்துறாங்க. ஒன்பது மணிக்கு நானே காதைப் பிடிச்சு வெளிய அனுப்புறேன். யார் பொண்ணுன்னு தெரியாமலே இத்தனையும் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

மாஸ்டர் ஒரு படி பின்னால் ஏறினார்.

"நில்லுங்க சார். பதில் சொல்லிட்டுப் போங்க. நான் இந்தக் கடையை மூடிட்டா, நாளைக்கு எட்டரை மணிக்கு அவ எங்க இருப்பா?"