வெறும் பாடி

வண்டியின் புது ஃபைபர் கூட்டைத் தட்டினால் காலிக் குடத்தின் சத்தம் வரும். டைட்டஸ் விரலை மடக்கி, பின்பக்கத்திலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தான். எல்லா இடத்திலும் அதே சத்தம்தான். மூக்குப் பக்கம் வந்ததும் மாறியது. தொடையைத் தட்டினாற்போல் தொப்பென்றது.

இரண்டாயிரத்து மூன்று, மே மாதம். ஆம்பூரில் கிணறுகள் வற்றி, தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்தில்தான் ஷபீ அஹமதுக்குத் தண்ணீர் மேல் ஓட்டும் வண்டி கட்டுகிற ஆசை வந்தது. அவன் ஷூ கம்பெனி முதலாளியின் இளைய மகன். டைட்டஸ் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஆனால் இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. டா போட்டுத்தான் பேச்சு. துபாய்க் கடலில் ஒருத்தன் நின்றபடியே ஜெட் ஸ்கீ ஓட்டியதை ஷபீ பார்த்திருந்தான். முழு வண்டியை வாங்குவதில் என்ன இருக்கிறது, நாமே கட்டுவோம் என்றான். இன்ஜினும் பம்பும் சென்னையில் உடைந்துகிடந்த ஒரு பழைய வண்டியிலிருந்து வந்தன. கூடு மட்டும் புதிதாக, ஒரு ஓட்டைகூடப் போடாமல், பெயின்ட் அடிக்காமல், தோல் கெமிக்கல் வந்த கன்டெய்னரில் ஒரு மூலையில் வந்து இறங்கியது.

பஸ் கட்டுகிறவர்களைப் போல அதை அவர்கள் ‘பாடி’ என்றார்கள். வேலூரில் நர்ஸ் வேலை பார்க்கும் டைட்டஸின் மனைவி ஹெப்சிக்கு அது பிடிக்கவில்லை.

"ஃபோன்ல ‘வெறும் பாடி வந்துடுச்சு, பின்னாடி ஷெட்டுல வெச்சிருக்கோம்’னு சத்தமா சொல்றீங்க. பக்கத்துல நின்ன சிஸ்டருங்க மூஞ்சியப் பாக்கணுமே."

அன்றைக்கு டைட்டஸ் சிரித்தான்.

தொப்பென்ற இடத்தில் ட்ரில்லில் சின்ன பிட் போட்டுத் துளைத்தான். தூசுக்குப் பதிலாகத் தண்ணீர் வந்தது. ஒரு டம்ளர் இருக்கும். ரெசின் வாடையும் தோல் பதனிடும் ஷாப்பின் வாடையும் பழகிய அவன் மூக்குக்கு அது வேறு வாடையாக இருந்தது. பாசியும் இருட்டுமாக, வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல.

"கன்டெய்னர்ல வேர்த்திருக்கும்டா" என்றான் ஷபீ. "இதுக்கெல்லாம் பேஜார் ஆவாத."

வேலை நடந்தது. கம்பெனி விட்டு வந்ததும், வீட்டின் பின்னால் ஷெட்டில், அஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே, சூடு இறங்காத அந்தச் சாயங்காலங்களில், டைட்டஸ் பம்புக்கு வாய் வெட்டினான், இன்ஜின் உட்காரும் கட்டைகளை ரெசின் வைத்து ஒட்டினான், ஓட்டுகிறவன் பிடித்துக்கொள்ளும் நீளக் கையை முன்னால் கீல் வைத்து மாட்டினான். அரைத்த ஃபைபர் தூள் கழுத்தில் அரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் துணியால் துடைத்துக் காயவைத்துவிட்டுப் போவான். மறுநாள் வந்து பார்த்தால் கூட்டின் உள்ளே, அடியில் தண்ணீர் நிற்கும். முதலில் ஒரு விரல்கடை. பிறகு இரண்டு. பிறகு நான்கு.

கூரையில் ஓட்டை இல்லை. மழையே இல்லை.

ஒரு சனிக்கிழமை ஹெப்சியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் குனிந்து கையை விட்டாள். எடுக்கவில்லை. நாடி பார்ப்பவள்போல அப்படியே நின்றாள்.

"வெயில்ல சூடான தண்ணி இல்லீங்க இது."

"பின்ன?"

"ஜுரக்காரங்களத் தொட்டா இப்படித்தான் இருக்கும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். அதற்குப் பிறகு அவள் ஷெட்டுப் பக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் இன்ஜினை உட்காரவைத்தான். இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே ஓடும் தண்டு நூல் பிசகக்கூடாது. தகடு வைத்து, எடுத்து, மறுபடி வைத்துச் சரிபார்க்க மூன்று நாளாவது ஆகும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டுத் தூங்கப் போனான். காலையில் பார்த்தபோது தண்டு இம்மி பிசகாமல் நேராக இருந்தது. போல்ட்டுகள் இறுகியிருந்தன. ஸ்பேனர் போட்டுத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. டார்ச் அடித்தான். அவன் துளைத்த ஓட்டைகளின் ஓரங்களெல்லாம் உதடுபோலத் தடித்து, போல்ட்டுகளைக் கவ்விக்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடலாம் என்று அவன் நினைத்தது அப்போதுதான். ஆனால் எதுவும் கழன்று வரவில்லை. கூட்டில் ரம்பம் வைத்தான். ஒரு விரல் நீளம் அறுந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அறுத்த இடம் வழவழவென்று மூடியிருந்தது.

ஷபீ வந்து ஸ்டார்ட் செய்தான். தண்ணீர் இல்லாமல் பத்து விநாடிக்கு மேல் ஓட்டக்கூடாது. பத்து விநாடி அலறிவிட்டு இன்ஜின் நின்றது. புகை மெதுவாகக் கலைந்தது. புகைக்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. ஓடிவந்து நின்றவனுக்கு மூச்சிரைப்பதுபோல. மெல்ல மெல்ல அடங்கியது.

"கேட்டுச்சா?"

"இன்னாது? ஃபர்ஸ்ட் கிளாஸ் சவுண்டுடா!" ஷபீ அவனைக் கட்டிக்கொண்டான். "ஞாயித்துக்கிழம எறக்குறோம்."

"வேணாம்டா. இதத் தண்ணில எறக்காத."

"ஏன்?"

டைட்டஸ் தண்டையும் போல்ட்டுகளையும் பார்த்தான். ஒரு ஃபிட்டர் இதில் எந்தக் குறையைச் சொல்வான்? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அதுதான் குறை.

பேரணாம்பட்டு ரோட்டில் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. ஊரெல்லாம் வறண்டும் அதில் தண்ணீர் இருந்தது. ஆழம் யாருக்கும் தெரியாது. ஞாயிறு மத்தியானம், லாரி இறங்கும் சரிவில் வேனை ரிவர்ஸில் இறக்கி, இருவருமாக வண்டியைத் தள்ளினார்கள். தண்ணீரைத் தொட்டதும் அது அவர்கள் கையிலிருந்து தானே நழுவிப் போய் மிதந்தது.

ஷபீ லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கிகளையும் மாட்டினான். இன்ஜினை எழுப்பி, முழங்காலிட்டு, பிறகு நின்றான். ஓட்டினான்! பாறைச் சுவர்களில் சத்தம் மோதித் திரும்ப, வெள்ளையாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வட்டம் போட்டான். சின்னப் பையனைப்போலக் கத்தினான். டைட்டஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீணாகப் பயந்துவிட்டோம் என்று நினைத்தான்.

நாலாவது வட்டத்தில் இன்ஜின் நின்றது.

நின்றபடி ஓட்டுகிற வண்டி. ஓட்டம் நின்றால் ஆளைச் சாய்த்துவிடும். சாயவில்லை. ஷபீ நட்டநடுவில், அசையாமல் நின்றான்.

"டைட்டஸ்."

"இன்னாடா?"

"கால் வரல."

வலது காலைத் தூக்கப் பார்த்தான். இடதைத் தூக்கப் பார்த்தான். இரண்டும் கணுக்கால் வரை உள்ளே போயிருந்தன. ஃபைபருக்குள்.

"மெத்துனு இருக்குடா. சூடா இருக்கு." குரல் உடைந்தது. "டேய், ஏதாவது பண்றா!"

தண்ணீரில்லாத பாலாற்றங்கரையில் வளர்ந்தவன் டைட்டஸ். நீச்சல் தெரியாது. வேனிலிருந்து கயிற்றை எடுத்து வீசினான். எட்டவில்லை. மறுபடி வீசினான். ஷபீ பிடித்துக்கொண்டான். டைட்டஸ் குதிகாலை ஊன்றி இழுத்தான்.

"இழுக்காத! கால் பிஞ்சிடும்! இழுக்காதடா!"

இழுப்பதை நிறுத்தினான். கயிறு தளரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தது. ஷபீ இல்லை, அவன் இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கயிறு வண்டியின் அந்த நீளக் கையில் சுற்றியிருந்தது. கையோ தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் டைட்டஸின் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. காலடியில் சரிவு முடிந்து, வெறும் ஆழம்.

கயிற்றை விட்டுவிட்டான்.

ஷபீ அதைப் பார்த்தான். வண்டியோடு நின்றபடியே தண்ணீருக்குள் இறங்கினான். இடுப்பு. நெஞ்சு. கழுத்து. கண்கள் கடைசிவரை டைட்டஸையே பார்த்தன.

ஒரு குமிழிகூட வரவில்லை.

லைஃப் ஜாக்கெட் மட்டும் மேலே வந்தது. மூன்று கொக்கிகளும் மாட்டியபடியே இருந்தன.

டைட்டஸ் கத்தினான். தொண்டை போகும்வரை கத்தினான். குவாரிச் சுவர்கள் அவன் குரலையே திருப்பித் தந்தன. ரோட்டுக்கு ஓட நினைத்தான். ஆனால் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டான். வெயில் சாய்ந்தது.

அப்போது அது மேலே வந்தது.

இன்ஜின் இல்லை. பம்பு இல்லை. நீளக் கை இல்லை. அவன் போட்ட ஓட்டை ஒன்றுகூட இல்லை. வந்து இறங்கிய நாளில் இருந்ததுபோல வழவழவென்று, மெதுவாக, காற்றே இல்லாத தண்ணீரில் நேராக அவனை நோக்கி மிதந்து வந்து, காலடியில் முட்டி, ஒருக்களித்து நின்றது.

சாயங்கால வெயில் அதன் பின்னாலிருந்து விழுந்தது. பெயின்ட் அடிக்காத ஃபைபர் வெளிச்சத்தை உள்ளே விட்டு, பல்புக்கு முன்னால் பிடித்த முட்டைபோல மஞ்சளாக ஒளிர்ந்தது. இரண்டு விரல் கனம்கூட இல்லாத அந்தச் சுவருக்குள்ளே ஒரு நிழல். முழங்காலை மடக்கிச் சுருண்ட, முழு ஆள் நிழல். அதன் உள்ளங்கை இந்தப் பக்கமாகப் பதிந்திருந்தது.

ஐந்து விரல்களும் மெல்ல விரிந்தன. மூடின. மறுபடி விரிந்தன.