ஸ்கெல்ட்ஹோமில் யாரும் கத்துவதில்லை

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷமாகியும் மைதானத்தில் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை.

குளிர்தான் காரணம் என்று மால்கம் முதலில் நினைத்தார். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பல் பூத்துப்போய், கடல் பக்கமிருந்து பனிமூட்டம் தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. ஆனால் குளிருக்கெல்லாம் பயந்து வாயை மூடுகிற ஜாதி இல்லை இந்தக் குட்டிக் கிளப்புக்காரர்கள். "பின்னாடி ஆள்டா!", "விடு, விடு, என் பந்து!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள், கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். இங்கே பந்து உதைபடும் சத்தமும், சேற்றிலிருந்து பூட்ஸ் பிடுங்கிக்கொள்ளும் சத்தமும், இருபத்திரண்டு பேர் மூக்கால் மூச்சு வாங்கும் சத்தமும் மட்டுமே இருந்தன. நடுவர் விசில் ஊதவில்லை, கையை மட்டும் தூக்கினார். உள்ளூர்க்காரன் ஒருவன் கோல் போட்டான். கம்பியோரம் நின்ற முப்பது நாற்பது பேரில் ஒருவரும் கை தட்டவில்லை. போட்டவனும் தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்தான்.

அப்போதுதான் மால்கம் அவன் வாயைக் கவனித்தார். பற்களுக்கிடையே சுருட்டிய துணி ஒன்றைக் கடித்திருந்தான். அடுத்தவனும் கடித்திருந்தான். வெளியூர் அணியும் அப்படியே.

மால்கம் ஒரு மைதானப் பைத்தியம். டிவியில் வரும் பெரிய மைதானங்கள் அவருக்கு வேண்டாம். தபால்காரரும் கசாப்புக்கடைக்காரரும் வாரத்துக்கு ஒருநாள் விளையாடுகிற, லீக் ஏணியின் அடிப்படியில் கிடக்கும் ஊர்களுக்குத் தேடிப் போய், ஆட்டத்தைப் பார்த்து, நோட்டில் எழுதி வைப்பார். இந்தப் பைத்தியங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. தொண்ணூறு நிமிஷமும் பார்த்தால்தான் அந்த மைதானம் நோட்டில் ஏறும். எண்பத்தொன்பதில் கிளம்பினால் ஏறாது. யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை, ஆனாலும் ஏறாது. மனைவி லோரெய்னின் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சேதி வந்த அன்றுகூடக் கடைசி விசில் ஊதிய பிறகுதான் மால்கம் காரை எடுத்தார். அதைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததே அவருக்கு வசதியாக இருந்தது.

கிழக்குக் கரையோர லீக்கில் ஸ்கெல்ட்ஹோம் ஒன்றுதான் பாக்கி. இவர்கள் ஆட்டம் தொடங்கும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். ஒருநாள் ஒன்றேகால், இன்னொரு நாள் இரண்டு ஐம்பது. கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் நேரம் குறிக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு மால்கம் சிரித்திருக்கிறார்.

உள்ளே வரும்போது நுழைவாயிலில் அமோஸ் என்ற தடித்த ஆள் உட்கார்ந்திருந்தான். மால்கமின் போனை வாங்கி அணைத்து, பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டுக்கொண்டான்.

"முடிஞ்சதும் தருவேன். கார்ல யாரு?"

"என் மனைவி. அவளுக்கு ஃபுட்பால் ஆகாது. உள்ளே வரமாட்டா."

"நல்லா வாய்விட்டுப் பேசுவாங்களோ?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்யா." அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனதை மால்கம் பார்த்தார், பிடிக்கவில்லை.

இடைவேளையில் எல்லோரும் கிளப் அறைக்குள் நுழைந்தார்கள். கதவைச் சாத்தி, அதன் மேல் கனமான கம்பளியை இழுத்துவிட்ட அடுத்த நொடி, அணை உடைந்த மாதிரி பேச்சு. வசவும் சிரிப்பும் இருமலும். ஈரச் சட்டை நாற்றம், தைல நாற்றம், வெங்காயம் வதங்கும் வாசனை. மால்கம் கூட்டத்தில் நுழைந்ததும் ஆட்கள் வழி விட்டார்கள். மரியாதைக்காக இல்லை, தோள் படக்கூடாது என்பதற்காக.

"வாங்கய்யா, நோட்டுப் புத்தகக்காரரே!" என்றான் அமோஸ். "எங்க ஊரு புல்லு எப்படி? மேய்ஞ்சு பாத்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. மால்கமும் சிரித்து வைத்தார். டீ ஊற்றிக்கொண்டிருந்த ட்ரூடி என்ற நடுவயதுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை நீட்டும்போது அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கார்ல இருக்கிற அம்மாவக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்புங்க."

"ஏங்க?"

"ரெண்டாவது பாதியில கடல் முழுசா ஏறும். கரைமேட்டுக்கு அந்தாண்ட சதுப்பு பூரா முழுகிடும். தண்ணியோட அதுவும் வரும்."

"எது?"

"ட்ரூடி, டீய ஊத்து," என்றான் அமோஸ்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "காலடிச் சத்தம் மட்டும்னா அது கரையோரமா படுத்துக் கேட்டுக்கிட்டே கிடக்கும். அதுக்குத்தான் இந்த ஆட்டமே. ஆடாம விட்டா ஊருக்குள்ள வந்துரும். மனுஷக் குரல் கேட்டாலும் எந்திரிச்சிரும்."

மால்கம் சுற்றிலும் பார்த்தார். யாராவது கண்ணடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் அடிக்கவில்லை. பிறகு அமோஸ் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கூட்டமும் சேர்ந்துகொண்டது, ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல கேட்டைப் பூட்டிருவோம் பெரியவரே," என்றான் அமோஸ். "போறதுனா தாராளமாப் போங்க. ஆனா பாதி ஆட்டம் பாத்தா உங்க நோட்டுல ஏறாதாமே? அய்யோ பாவம்."

தெற்கு கோலுக்குப் பின்னால், கரைமேட்டின் அடியில்தான் கார் நின்றது. இடையில் கம்பிவேலி மட்டும். மால்கம் அங்கே போனபோது லோரெய்ன் இறங்கி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கோட்டுப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தாள்.

"மால், கிளம்பலாம். எனக்கு இந்த இடமே புடிக்கல."

"என்னாச்சு?"

"கார் கண்ணாடியப் பாரு. பின்பக்கம்."

கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஈரமாக ஒரு தடம் இருந்தது. கை இல்லை. மடிப்பு மடிப்பாக, ஓரம் சுருண்டு, நடுவில் பள்ளமாக. யாரோ காதை வைத்து அழுத்திக் கேட்டதுபோல இருந்தது, ஆனால் காது இரண்டு கையகலம் இருந்தது. சேற்றுத் தண்ணீர் அதிலிருந்து கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"நான் ரேடியோவோட சேந்து பாடிக்கிட்டிருந்தேன்," என்றாள் லோரெய்ன். "திரும்பிப் பாத்தா இது. ஆள யாரையும் காணோம்."

ட்ரூடி சொன்னதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் அந்த நிமிஷமே காரை எடுக்கச் சொல்வாள், இருபத்தாறு வருஷ நோட்டில் ஒரே ஓட்டையோடு வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். எல்லாம் ஊர்க்காரர்களின் கேலி. வெளியூர்க்காரனை வைத்து ஒரு சனிக்கிழமைப் பொழுதுபோக்கு.

"எவனோ குறும்பு பண்ணியிருக்கான். கதவைப் பூட்டிக்கிட்டு உக்காரு. நாப்பத்தஞ்சு நிமிஷம்தான்."

"உனக்கு எப்பவும் நாப்பத்தஞ்சு நிமிஷம்தான்."

"இதுதான் கடைசி, சத்தியமா."

அவள் காருக்குத் திரும்பினாள். பின்னால் கேட்டின் பூட்டு விழுந்தது.

இரண்டாவது பாதியில் பனி தெற்கு கோலை விழுங்கியது. காரின் உள்விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. காற்று நின்றுபோயிருந்தது, உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை கரைமேட்டின் மேலிருந்து இறங்கி வந்து, புல்லில் பரவி, கம்பியைப் பிடித்திருந்த கைகளில் ஒட்டிக்கொண்டது. அதோடு ஒரு சத்தமும் வந்தது. அலைச்சத்தம் இல்லை. கனமான ஏதோ ஒன்று ஈர மண்ணில் வயிற்றால் நகர்ந்து, நின்று, மறுபடி நகரும் சத்தம்.

அறுபதாவது நிமிஷத்தில் பந்துக்குப் பாய்ந்த வெளியூர்க்காரனின் கால் முறிந்தது. காய்ந்த விறகை முட்டியில் வைத்து ஒடிப்பது மாதிரி எல்லோர் காதிலும் விழுந்தது. அவன் கத்தவில்லை. சேற்றில் புரண்டான், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கழுத்து நரம்பு விரலளவு புடைத்தது. நான்கு பேர் ஓடிவந்து அவன் மேல் விழுந்து வாயை அமுக்கினார்கள். அவன்மேல் மோதிக் காலை ஒடித்த உள்ளூர்க்காரனும் அதில் ஒருவன். மற்றவர்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பந்து இல்லாத பக்கத்திலும் ஓடினார்கள்.

இது கேலி இல்லை. யாரும் தன் காலை ஒடித்துக்கொண்டு கேலி செய்வதில்லை.

வேலிப் பக்கம் போகவேண்டும். சைகை காட்டவேண்டும். இரண்டடி எடுத்து வைத்தார். இரண்டு பேர் முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் அவரைத் தொடவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான்.

எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் ஹாரன் அடித்தது.

ஒரு தடவை. பிறகு நீளமாக.

கம்பியோரம் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஹாரன் வந்த பக்கம் இல்லை. மால்கமைப் பார்த்தார்கள்.

கரைமேட்டில் நகர்ந்துகொண்டிருந்தது நின்றது. பிறகு வேகமாக இறங்கியது.

கார்க் கண்ணாடி இறங்கும் மெல்லிய ரீங்காரம். லோரெய்னின் குரல்.

"மால்! மால், இங்க வா! மால்!"

அவர் வாயைத் திறந்தார். கண்ணாடியை ஏத்து, பேசாதே, அவ்வளவுதான் சொல்லவேண்டும். ஒரே ஒரு கத்தல். கத்தினால் அது இந்தப் பக்கம் திரும்பும். பக்கத்தில் அமோஸ் வந்து நின்றான். தடுக்கவில்லை. ஒரு விரலை நீட்டி, கத்திப் பாருங்களேன் என்பதுபோல மைதானத்தைக் காட்டினான்.

"மால்கம்! எனக்கு பயமா இருக்கு!"

கண் கைக்கடிகாரத்துக்குப் போனது. எண்பத்தொன்று. பயத்திலும் அதைப் பார்த்தார், பார்த்ததை அவரே உணர்ந்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

"மா"

அதோடு நின்றது. பாதியில் வெட்டியதுபோல.

மஞ்சள் விளக்கு ஒருமுறை மங்கி, மறுபடி தெரிந்தது. பூட்ஸ் சத்தம். மூச்சுச் சத்தம். பூட்ஸ் சத்தம். மால்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நிமிஷமும் நின்றார்.

பிறகு நடுவர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார்.

மைதானமே வெடித்தது. துணிகளைத் துப்பிவிட்டுக் கத்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள், ஒலிபெருக்கியில் பாட்டு ஓடத் தொடங்கியது, கால் ஒடிந்தவன் இப்போதுதான் வீறிட்டு அலறினான். கேட்டைத் திறந்துவிட்டார்கள். ட்ரூடி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு கிளப் வாசலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ மால்கமின் முதுகில் தட்டினார்கள். அமோஸ் போனை அவர் பையில் செருகினான்.

"ஏறிடுச்சுல்ல பெரியவரே, நோட்டுல? பதினோரு வாரம் தாங்கும் அதுக்கு. நல்ல பொம்பள."

மால்கம் ஓடினார். சேற்றில் இரண்டுமுறை விழுந்து எழுந்து ஓடினார்.

கார் நின்ற இடத்திலேயே நின்றது. லோரெய்ன் முன்சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தாள், பெல்ட் போட்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. கதவைத் திறந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

வாய் தாடை விலகும் அளவுக்குத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் துடித்தன. மூச்சை இழுத்தாள், மறுபடி கத்தினாள், முன்கண்ணாடியில் அவள் மூச்சின் ஆவி படிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. இருமும் சத்தம்கூட இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. கண்கள் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"லோரெய்ன், நான்தான், நான் வந்துட்டேன், லோரெய்ன்..."

அவள் இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தினாள். தலையை வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினாள். அவள் பார்வை அவரைத் தாண்டி மேலே போய் நின்றது.

கரைமேட்டின் உச்சியில், பனிக்குள்ளிருந்து, அவள் குரல் கேட்டது. முதலில் வெறும் "மா". பிறகு "மால்". பிறகு கொஞ்சலாக, முப்பது வருஷப் பழக்கத்தோடு, ஒவ்வொரு வார்த்தையையும் ருசி பார்ப்பதுபோல.

"மால், குளிருது. கதவைத் திறந்தே வை."