இரண்டாவது சிலிண்டர்

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை.

முன்சக்கரத்துக்கு அடியில் வைத்த பழத்தின் மேல் இருநூறு கிலோ வண்டி ஏறி இறங்கியது. வைத்தீஸ்வரன் அதைக் கண்ணால் பார்த்தான். ஹேண்டில்பார் ஒரு விரற்கடை உயர்ந்து தாழ்ந்தது அவன் உள்ளங்கைக்கும் தெரிந்தது. குனிந்து பார்த்தால் பழம் கோலத்தின் மேல் மஞ்சளாக, முழுசாகக் கிடந்தது.

"நீ தள்ளின லட்சணம் அவ்வளவுதான்," என்றாள் விஜி. "பின்னாடி தள்ளி மறுபடி ஏத்து."

மறுபடி ஏற்றினான். மூன்றாவது தடவை அவளும் சேர்ந்து தள்ளினாள். பழம் அப்படியே இருந்தது. கையில் எடுத்தபோது கனமே இல்லை. காலையில் கடையில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, சாறு நிறைந்ததாகத்தான் பொறுக்கியிருந்தான்.

"தோல் தடிச்ச பழமா இருக்கும், விடு."

விட்டான். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, பழத்தை மறுபடி முன்சக்கரத்தின் கீழே செருகி வைத்தான்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். வைத்திக்கு இந்த வண்டி மேல் பதினோரு மாத மோகம். மாயவரத்திலிருந்து வந்து வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன், சனி ஞாயிறு ஆனால் தொம்மலூர் வாடகை வீட்டு வராந்தாவில் கிரீஸும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். ஐம்பது வருஷத்து ரெட்டை சிலிண்டர் வண்டி. பிஸ்டன்கள் ஷோகேஸில் இருந்தன, கார்புரேட்டர் இட்லிக் குண்டானில் ஊறியது, நட்டும் போல்ட்டும் விஜியின் வளையல் பெட்டிக்குள் போயின. அவள் திட்டிக்கொண்டே கூட உட்காருவாள். சின்னச் சந்துகளில் அவள் விரல்தான் நுழையும். மோட்டார் பைத்தியம் பிடித்த ஒருத்தனோடு சிரித்துக்கொண்டு குடித்தனம் நடத்த வேறு யாரால் முடியும்? இந்த ஊரில் அவனுக்கு என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

இன்று ஆயுத பூஜை. வண்டிக்கு இதுதான் முதல் கிக்.

லிங்கராஜபுரத்தில் வண்டியை விற்ற நாகேஷ் ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். "ஆயுத பூஜைக்கு ஒரு சேவல் அறுத்துடுங்க சார். ரெண்டு சிலிண்டர் மேலயும் ரத்தம் படணும். வருஷத்துக்கு ஒண்ணு, அஷ்டே, அவ்வளவுதான். மறந்துடாதீங்க." சொல்லும்போது வலது கையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட படம், இளவயசு மனைவி. வைத்தி இரண்டையும் பார்த்தான். இரண்டைப் பற்றியும் கேட்கவில்லை. முட்டை வாசனைகூட ஏறாத வீட்டில் பிறந்தவன் சேவலுக்கு எங்கே போவான்? பூசணிக்காயில் குங்குமத்தைக் கரைத்துவிட்டால் அதுவும் ரத்தம்தானே, ஊர் உலகமே அப்படித்தானே செய்கிறது என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டான்.

நடுரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள், வண்டிகள் வழுக்குகின்றன என்று மைக் கட்டிய ஆட்டோ ஒன்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அதனால் வராந்தாவிலேயே வைத்து வெட்டினான். குங்குமமும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் சரிவில் கேட் பக்கமாக ஓடியது. முன்சக்கரத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது இரண்டாகப் பிரிந்தது. டயரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஒன்றாகச் சேர்ந்தது.

விஜி அதைப் பார்க்கவில்லை. சுண்டல் தாளிக்க உள்ளே போயிருந்தாள்.

வைத்தி அங்கேயே நின்றான். சாயங்கால மழைக்கு வானம் கறுத்து, தெருக்கோடியில் யாரோ தமட்டைப் பறை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சமையலறையிலிருந்து கடுகு வெடிக்கும் வாசமும் ஊதுபத்திப் புகையும் வராந்தாவுக்கு வந்துகொண்டிருக்க, அவற்றுக்கு அடியில், பெட்ரோலுக்கும் அடியில், வேறொரு வாசனை தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. கறிக்கடையைக் கழுவிவிட்ட தண்ணீரின் வாசனை. பதினோரு மாதமாக மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்த எஞ்சின் அது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். அங்கேயிருந்துதான் வந்தது.

தடவிப் பார்த்தபோது சிலிண்டரின் தகடு ஒன்று கட்டைவிரலைக் கீறியது. ஒரு சொட்டு ரத்தம் தகட்டின் மேல் விழுந்தது. சூடான தோசைக்கல்லில் விழுந்த தண்ணீராக, சுர்ரென்று காணாமல் போனது.

இன்னும் ஒரு தடவைகூடக் கிளப்பாத எஞ்சின். தொட்டால் ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் கிக்கர் அசைந்தது. யாரோ காலை வைத்து ஆழம் பார்ப்பது போல ஒரு அங்குலம் இறங்கி, மெதுவாக மேலே வந்தது.

வைத்தி ஓரடி பின்னால் போனான். நாகேஷுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இதை வீட்டை விட்டு வெளியே தள்ளிவிடவேண்டும், இப்பவே. ஸ்டாண்டிலிருந்து இறக்கப் பார்த்தான். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். தரையில் வேர் விட்டது போல நின்றது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. பெட்ரோல் குழாய் மூடியிருந்தது. இரண்டையும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தான்.

"விஜி, வெளியே வராதே!"

தமட்டைச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? தட்டோடு அவள் ஏற்கெனவே வாசற்படி தாண்டியிருந்தாள். மஞ்சள் துப்பட்டா கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி முதுகில் தொங்கியது.

"பின்னாடி நம்பர் பிளேட்டுக்குப் பொட்டே வைக்கலையே," என்று சொல்லிக்கொண்டே சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். துப்பட்டாவின் நுனி சரிந்து செயின் மேல் விழுந்தது.

கிக்கர் அடிவரைக்கும் இறங்கியது.

டப். டப். டப். ஒரே சிலிண்டர். ஒற்றைக்காலில் ஓடி வருகிற மாதிரி. சக்கரம் சுழன்றது. துப்பட்டா விறைத்தது. விஜிக்குக் கத்தக்கூட நேரம் இல்லை. தட்டு பறந்தது. அவள் கன்னம் டயரில் போய் மோதியது. ரப்பர் தோலை உரித்தது. கழுத்தில் துணி இறுகியது. கண்கள் பிதுங்கின.

வைத்தி யோசிக்கவில்லை. செயினுக்குள் வலது கையைக் கொடுத்தான்.

பல்சக்கரம் ஒவ்வொரு விரலாக வாங்கிக்கொண்டது. முதலில் சுண்டுவிரல், பிறகு மோதிர விரல். எலும்பு நொறுங்குவதை அவன் காதால் கேட்கவில்லை, பல்லில் கேட்டான். நடுவிரலில் செயின் திணறி நின்றது. எஞ்சின் அடங்கியது. இழுத்த கையில் இரண்டு விரல்தான் மிச்சம் இருந்தது. ரத்தம் எஞ்சின் மேல் பீய்ச்சியது, சுர்ர் என்றது, கீழே ஒரு சொட்டும் விழவில்லை.

விஜிக்கு உயிர் இருந்தது. கழுத்து டயரோடு ஒட்டிக் கிடந்தது. விரல்களைத் துணிக்கும் தொண்டைக்கும் நடுவில் நுழைத்து ஒரு மூச்சுக்கு இடம் செய்திருந்தாள்.

"கத்திரிக்கோல்," என்றாள். "வைத்தி. கத்திரிக்கோல்."

தரையில் கிடந்த போன் அடித்தது. இடது கையால் அமுக்கினான். ஸ்பீக்கரில் நாகேஷ்.

"சார், கூப்பிட்டிருந்தீங்களா? பூஜை ஆச்சா? சேவல் குடுத்தீங்கதானே?"

"பூசணிக்காய்," என்றான் வைத்தி. அழுகை வந்தது. "பூசணிக்காய்தான் வெட்டினேன். கை போச்சு. யாரையாவது அனுப்புங்க. ஆம்புலன்ஸ்..."

அந்தப் பக்கம் நாகேஷ் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்லயும் அந்த வருஷம் பூசணிக்காதான் சார்," என்றார் பிறகு. "எத்தனை சைலென்சர்ல புகை வந்துச்சு?"

வைத்தி பார்த்தான். இடது பக்கக் குழாயிலிருந்து நீலப்புகை இன்னும் கசிந்துகொண்டிருந்தது. வலது பக்கக் குழாய் சுத்தமாக, பளபளவென்று இருந்தது.

"ஒண்ணுல."

"வீட்ல வேற யாரு சார் இருக்காங்க?"

கிக்கர் இறங்கத் தொடங்கியது.

வைத்தி அதன் அடியில் பாய்ந்து தோளை முட்டுக் கொடுத்தான். தோள்பட்டை எலும்பில் இரும்பு உட்கார்ந்தது. அவசரமே இல்லாமல் அழுத்தியது. கத்திரிக்கோல் சமையலறையில், மேடை மேல், எட்டு அடி தூரத்தில் இருந்தது. இங்கிருந்தே தெரிந்தது. தோளை எடுத்தால் போய் எடுத்துவரலாம். தோளை எடுத்தால் கிக்கர் இறங்கிவிடும்.

"வைத்தி," என்றாள் விஜி.

"பிடிச்சிட்டிருக்கேன். நான் பிடிச்சிட்டிருக்கேன் விஜி."

தெருவில் தமட்டை உச்சத்துக்குப் போனது. யாரோ விசில் அடித்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கிக்கர் இன்னொரு அங்குலம் இறங்கியது.

முன்சக்கரத்தின் கீழே, எலுமிச்சம்பழம் மெதுவாக நசுங்கியது. சாறு சிவப்பாக வழிந்தது.